தலைமாட்டில் ஒரு பீங்கான் கத்தி

பீங்கானில் கத்தி செய்வார்கள் என்று நாற்பது வயது தாண்டும்வரை எனக்குத் தெரியாது. தெரியாமலேயே நன்றாகத்தான் சமைத்துக்கொண்டிருந்தேன். பீங்கானில் ஊறுகாய் ஜாடி செய்வார்கள், டீ குடிக்கிற கோப்பை செய்வார்கள், கழிவறைக்கு வேண்டியதைச் செய்வார்கள். கத்தி என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சிரிக்க முடியாத நேரம் பார்த்து அது என் வீட்டுக்கு வந்தது.

எனக்குக் கையில் சரவாங்கி, அதாவது மூட்டுவாதம். விரல் கணுவெல்லாம் வீங்கிப்போய், காலையில் எழுந்தால் கை மடங்காது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கும், சாயங்காலம் ஏறக்குறைய மனுஷக் கை மாதிரி ஆகிவிடும். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். முதல் பீரியடில் சாக்பீஸ் பிடிக்க முடியாது என்பதால் பிள்ளைகளை விட்டே கணக்கைப் போர்டில் போடச் சொல்வேன். ஆய்வுக்கு வந்தவர்களிடம் தலைமையாசிரியர் இதைப் புதிய கற்பித்தல் முறை என்று பெருமையாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

பள்ளியில் சமாளித்த மாதிரி அடுப்படியில் சமாளிக்க முடியவில்லை. அரிவாள்மனையில் காயைப் பிடித்து அழுத்த இரண்டு கையும் சொன்ன பேச்சுக் கேட்க வேண்டும். என் கை கேட்கவில்லை. ஒரு நாள் புடலங்காயோடு கட்டை விரலும் போகப் பார்த்ததில் அரிவாள்மனை பரணுக்குப் போனது. அடுத்து எவர்சில்வர் கத்தி. அது வெங்காயத்தில் இறங்குவதற்குள் வலி என் மணிக்கட்டில் இறங்கிவிடும். என் வீட்டுக்காரர் குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து இப்போது அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மகன் திருச்சியில் ஹாஸ்டலில். வீட்டில் ரெண்டே பேர், மாவும் கடையில் விற்கிறது, வெட்டின காயும் விற்கிறது, எதற்கு இந்தப் பாடு என்றார். நியாயம்தான். ரெண்டு பேர் சாப்பாடு மட்டும் என்றால் நானும் விட்டுத் தொலைத்திருப்பேன்.

விட முடியாததற்குக் காரணம் என் தங்கை. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. தங்கை காலேஜில் சேர்ந்த வருஷம் அம்மா போய்விட்டாள்; அப்பா அதற்கும் முன்னால். அவளைப் படிக்கவைத்ததும் பட்டுக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்ததும் நாங்கள்தான். அவள் இப்போது உண்டாகியிருந்தாள். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். வளைகாப்புப் போட்டுக் கூட்டிவந்து, பெற்றெடுத்த பிறகு பத்தியச் சாப்பாடு போட்டு, தாயையும் பிள்ளையையும் தேற்றித்தான் மாமியார் வீட்டுக்கு அனுப்புவோம். அவளுக்குத் தாய்வீடு என்றால் என் வீடுதான். வேறு கிடையாது.

அந்த நேரத்தில் அவளுடைய மாமியார் எனக்குப் போன் போட்டார். எப்படி இருக்கிறீர்கள், கை தேவலையா, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று சுற்றி வளைத்து விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். வளைகாப்பை மட்டும் நான் போட்டால் போதுமாம். பிரசவத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். முடியாத கையை வைத்துக்கொண்டு நான் எதற்குச் சிரமப்பட வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது. அந்தம்மா பேச்சில் தேன் ஒழுகியது. தேனைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் உன் வீடெல்லாம் ஒரு தாய்வீடா என்றுதான் இருந்தது. எங்கம்மா இருந்திருந்தால் இப்படி ஒரு போன் வந்திருக்குமா என்று அன்றைக்குப் பூரா அதே யோசனை. ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துவதாக நினைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பில் நடத்திவிட்டு வந்தேன்.

நான் விடவில்லை. பத்தியம் முதற்கொண்டு என் கையாலேயே சமைத்துப் போடுவேன் அத்தை என்று திரும்பிப் போன் பண்ணிச் சொன்னேன். சரி, ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றார். ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாதா.

பத்தியச் சாப்பாடு என்பது முக்கால்வாசி பூண்டும் சின்ன வெங்காயமும்தான். பூண்டுக் குழம்பு, பூண்டு போட்ட ரசம், பால் ஊறுவதற்குப் பால்சுறாப் புட்டு, அதிலும் பூண்டு. எல்லாம் உரிக்க வேண்டும், நறுக்க வேண்டும். எடையில்லாத கத்தி ஒன்று தேடிப் புதுக்கோட்டைக்குப் போனேன்.

கீழராஜவீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. இருந்த கத்தியை எல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, காற்றில் அறுத்து அறுத்துப் பார்த்தேன். ஒரு பொம்பளை சிரிக்காமல் அரை மணி நேரம் இப்படிச் செய்தால் யாருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, எதை வெட்ட என்று கேட்டார். பூண்டு என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. நான் கையைக் காட்டினேன். பார்த்துவிட்டு உள்ளே போய், தூசி படிந்த ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு கத்தி. பீங்கான் கத்தி, வந்து ரொம்ப நாளாச்சு, யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்றார். விற்கிற சாமானைப் பற்றி இவ்வளவு உண்மை பேசுகிறவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கையில் எடுத்தேன். எடுத்ததே தெரியவில்லை. கேட்டதும் பெரியதும் சின்னதுமாக இன்னும் சில பெட்டிகளைக் கொண்டுவந்தார். நான் சின்னதாக, உள்ளங்கை நீளத்துக்குத்தான் எடுத்தேன். நீளம் கூடினால் நுனி எங்கேயாவது இடித்துக்கொள்ளும் என்று கடைக்காரரே சொன்னார். அலகைவிடப் பிடிதான் எனக்கு முக்கியம். விரல் முழுக்க மடங்காதவளுக்கு ஒல்லிப் பிடி பிரயோஜனமில்லை, ரப்பர் போட்ட தடித்த பிடி வேண்டும். அலகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முனையில் பொக்கு எதுவும் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். உறை இருக்கிறதா என்று பார்த்தேன். அப்புறம்தான் கடைக்காரர் ஆரம்பித்தார். எலும்பு வெட்டக் கூடாது, ஐஸில் வைத்த கறி வெட்டக் கூடாது, தேங்காய் கூடாது, எதையும் நெம்பக் கூடாது, கீழே விழக் கூடாது, கல்லில் தீட்டக் கூடாது. அப்படியானால் இது என்னதான் செய்யும் என்று கேட்டேன்.

"காய் வெட்டலாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை நறுக்கினேன். எங்கள் வீட்டில் அவ்வளவு வெங்காயத்துக்கு வேலையே இல்லை. நிறுத்த மனசு வரவில்லை, அவ்வளவுதான். அழுத்தாமலேயே அது பாட்டுக்கு இறங்கியது, மணிக்கட்டில் ஒரு சுருக்குக்கூட இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த மூன்று வேளையும் வெங்காயக் குழம்பு சாப்பிட்ட என் வீட்டுக்காரருக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

அவருக்குக் கத்தியின் சட்டதிட்டங்களை நிற்கவைத்துச் சொன்னேன். தலையாட்டினார். இருபது நாள் ஆகியிருக்காது, நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் எனக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று சட்னிக்குத் தேங்காய் எடுத்திருக்கிறார். உடைத்த மூடியிலிருந்து பத்தையை எதனால் நெம்பினார் என்று கேட்க வேண்டாம். வந்து பார்த்தால் கத்திக்கு மூக்கு இல்லை. மூக்கு எங்கே என்றேன். சட்னியை அரைத்தாகிவிட்டது என்றார். வெள்ளைச் சட்னிக்குள் வெள்ளைத் துண்டு. ரெண்டு பேரும் உட்கார்ந்து சட்னியை விரலால் துழாவினோம். வடிகட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் அவரே கொண்டுபோய்க் கொட்டினார். காக்கைக்குக்கூட வைக்கவில்லை.

மறுபடி அதே கடை. தேங்காயா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். எல்லாருக்கும் தேங்காய்தான் என்றார். இந்தத் தடவை கறுப்பில் கேட்டு வாங்கினேன். அதுவும் பீங்கான்தான், ஆனால் பார்வைக்கு இரும்பு மாதிரியே இருக்கும். நாளைக்கு ஒரு சில்லுப் பெயர்ந்தாலும் சட்னியில் கண்ணுக்குத் தெரியுமே. வீட்டில் இருந்த எவர்சில்வர் கத்திகளையும் தேங்காய் துருவுகிறதையும் அரிவாள்மனைக்குத் துணையாகப் பரணில் ஏற்றினேன். கண்ணில் இரும்பு பட்டால்தானே தேங்காய் உடைக்கிற நினைப்பு வரும். இனிமேல் துருவின தேங்காய் கடையில் வாங்கினால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கறுப்புக் கத்தியை நான் பார்த்துக்கொண்ட மாதிரி என் மகனைப் பார்த்துக்கொண்டேனா என்பது சந்தேகம். பலாமரப் பலகையில் வைத்து மட்டும்தான் வெட்டுவேன். அடுப்பு மேடைக் கல்லிலோ எவர்சில்வர் தட்டிலோ அலகு படவே விடமாட்டேன். பலகையில் இருக்கிற காயைச் சட்டிக்குத் தள்ளும்போது அலகால் தள்ளாமல் முதுகால் தள்ளுவேன். பூண்டைக் கத்தியின் பக்கவாட்டால் நசுக்கிய காலம் போயிற்று, அதற்குக் குழவி எடுத்துக்கொண்டேன். வெட்டி முடித்த உடனே கழுவித் துடைத்து, உறை போட்டு, ஆணியில் மாட்டிவிடுவேன். பாத்திரத் தொட்டியில் மற்றச் சாமானோடு அது ஒரு நாளும் கிடந்ததில்லை. துரு கிடையாது, எலுமிச்சம்பழம் வெட்டினால் கறுக்காது, வெங்காயம் வெட்டிக் கழுவிவிட்டு ஆப்பிள் வெட்டினால் வெங்காய வாடை வராது. வீட்டுக்காரர் அதை உங்க மேடம் என்று சொல்ல ஆரம்பித்தார்.

தங்கையின் மாமியார் வந்தார். நான் வேண்டுமென்றே சாயங்காலம் வரச் சொல்லியிருந்தேன். அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என் கையையே பார்த்தார். நான் கறுப்புக் கத்தியை வைத்துப் பூண்டு, வெங்காயம், கத்தரிக்காய் எல்லாவற்றையும் சர்சர்ரென்று நறுக்கிப் போட்டேன். கத்தியை வாங்கிப் பார்த்து, இது என்ன இரும்பு, கனமே இல்லையே என்றார். புது மாதிரி வந்திருக்கிறது அத்தை என்றேன். பொய்யில்லை. பீங்கான் என்று சொல்லியிருந்தால், உடைகிற சாமானை நம்பியா பிள்ளைத்தாய்ச்சியை அனுப்புவது என்று ஆரம்பித்திருப்பார். காப்பியைக் குடித்துவிட்டு, சரி ஆத்தா, கூட்டிக்கிட்டுப் போங்க என்றார். முகத்தில் ஒரு தெளிச்சல் இல்லை. தோற்றுப்போனதால் அப்படி இருக்கிறார் என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் குஷி.

வளைகாப்பு ஆயிற்று, கூட்டிவந்தேன், புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, யார் வாங்குகிறீர்கள் என்றார். தாய்வீட்டு ஆள்தான் முதலில் வாங்க வேண்டும். நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மெடிக்கலுக்குப் போய்விட்டேன். மாமியார் வாங்கிக்கொண்டார். பெற்று வளர்த்தவள்தான் நானும், ஆனால் என் மகனைத் தூக்கிய காலத்தில் எனக்கு வேறு கை இருந்தது. இப்போது சொம்பு நழுவுகிறது, ஸ்கூட்டர் சாவி நழுவுகிறது. கத்தி விழுந்தால் இன்னொரு கத்தி வாங்கலாம். எனக்கு அப்படி ஒரு பயம். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளையை நான் தூக்கவே இல்லை. யாராவது நீட்டினால் அடுப்பில் ஏதாவது இருக்கும். இல்லையென்றால் ஏதாவது வைப்பேன். பிள்ளை இருக்கிற அறைக்குக் கையில் கரண்டியோ டம்ளரோ இல்லாமல் போனதே கிடையாது. பெரியம்மாக்காரி ஒரு நிமிஷம் உட்காருகிறாளா பாரு, என்ன உழைப்பு என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள்.

மாமியார் கொஞ்ச நாள் எங்களோடு தங்கினார். ஒரு சாயங்காலம், நான் மறுநாளைக்கு வேண்டியதை நறுக்கி, கத்தியைக் கழுவி மாட்டிவிட்டு, மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது, பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு வைக்கவில்லையே என்று. காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க எங்கள் பக்கம் கத்தியோ ஆணியோ ஏதாவது ஓர் இரும்பைத் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். என் வீட்டுக்காரரிடம் ஒரு கத்தி கொண்டுவாங்க என்றிருக்கிறார். வீட்டில் கீழே இருந்ததே ஒரு கத்திதான். மனுஷன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பிளாஸ்டிக் உறையோடு இருந்தால் இரும்பு எப்படி வேலை செய்யும் என்று மாமியார் அந்த உறையையும் கழற்றி, தலையணைக்கு அடியில் சுவரோரமாகச் செருகியிருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் மணமேல்குடியிலிருந்து பால்சுறா வந்து இறங்கியது. தெரிந்தவரிடம் சொல்லி வைத்தது, அன்றைக்கென்று பார்த்து வந்துவிட்டது. புட்டுக்கு உடனே பூண்டும் வெங்காயமும் வேண்டும். ஆணியில் கத்தியைக் காணோம். தேடிக்கொண்டிருக்கும்போது அறைக்குள் கோப்பை உடைகிற மாதிரி ஒரு சத்தம். பால் கொடுப்பதற்காகத் தங்கை தலையணையை உருவி மடியில் வைத்திருக்கிறாள். கத்தி சரிந்து டைல்ஸில் விழுந்து ரெண்டு துண்டு. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாமியார் ரெண்டு துண்டையும் எடுத்துச் சேர்த்துவைத்துப் பார்த்தார். இரும்பு எங்கேயாவது உடையுமா என்று கேட்டார். இது இரும்பு இல்லீங்க, பீங்கான் என்று என் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே விளக்கம் சொன்னார். அப்படியானால் ராத்திரி பூரா எங்க பேத்திக்குக் காவல் இருந்தது ஒரு சாப்பாட்டுத் தட்டா என்று அந்தம்மா கேட்டார். நிஜ இரும்பு உடனே வேண்டும் என்றார். வீட்டுக்காரர் வாயில் நுரையோடு பரணில் ஏறி எல்லாவற்றையும் இறக்கினார். அரிவாள்மனை கட்டிலுக்கு அடியில் போனது. எவர்சில்வர் கத்தியை நான் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

காலை நேரம். கை மடங்கவில்லை. கத்திப் பிடியை உள்ளங்கையால் அணைத்துக்கொண்டு பூண்டில் வைத்தேன், பூண்டு ஓடியது. எடுத்து மறுபடி வைத்தேன், கத்தி நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால் வாசற்படியில் மாமியார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. எனக்கு வந்த கோபம் எங்கிருந்து வந்தது என்றே சொல்ல முடியாது. நன்றாகப் பாருங்கள், இதைப் பார்க்கத்தானே வந்தீர்கள் என்றேன். என் வீடு தாய்வீடாகக் கூடாது என்று முதலிலிருந்து நின்றவர் நீங்கள்தானே, எங்கம்மா இல்லாத தைரியத்தில்தானே அன்றைக்குப் போன் பண்ணினீர்கள் என்று மனசில் கிடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன்.

அந்தம்மா சத்தம் போடவில்லை. உள்ளே வந்து அடுப்பைத் தணித்தார்.

"நானா ஆத்தா சொன்னேன்? ஒங்க தங்கச்சிதான் என்னையச் சொல்லச் சொல்லுச்சு. அக்கா வெங்காயம் உரிக்கிறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல, நான் சொன்னா கேக்காது, நீங்க சொன்னதா இருக்கட்டும் அத்தைன்னு அழுதுச்சு. சரின்னு பழிய நான் வாங்கிக்கிட்டேன்."

என் கையிலிருந்த கத்தியை அவரே வாங்கிக்கொண்டு, பூண்டை முன்னால் இழுத்துவைத்து உட்கார்ந்தார். எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. இத்தனை மாதமும் இந்த அம்மாவை எதிரில் நிறுத்திவைத்துச் சண்டை போட்டிருக்கிறேன், போட்டதெல்லாம் என் தங்கையோடு. அடுப்படியில் எனக்கு வேலையும் இல்லை. அறைக்குப் போனேன். கையில் கரண்டி இல்லை, டம்ளர் இல்லை.

தங்கை பால் கொடுத்து முடித்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"நீ இன்னும் இவளத் தூக்கவே இல்லக்கா" என்றாள்.

வேலையாக இருந்தேன் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"பயமா இருக்குடி. விழுந்துரும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

நகர்ந்து இடம் விட்டாள். சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னாள். என் ரெண்டு முழங்கையையும் மடக்கி, விரலுக்கு வேலையே இல்லாதபடி, முன்கையின் மேல் பிள்ளையைக் கிடத்தி நெஞ்சோடு சேர்த்துவைத்தாள். அடியில் அவள் கையும் இருந்தது. பிள்ளை கதகதப்பாக இருந்தாள். கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், அப்புறம் வீல் என்று கத்த ஆரம்பித்தாள்.

நான் பதறிப்போய், வாங்கிக்கொள்ளடி என்று தங்கையைப் பார்த்தேன். அவள் அடியில் வைத்திருந்த கையை மெல்ல உருவிக்கொண்டு, தள்ளி உட்கார்ந்தாள்.

"நீயே அமத்துக்கா" என்றாள்.